‘வலிக்குக் காரணம்’

மசாஜ் நிலையத்தில் முதல் நாள் கொடுத்த படிவத்தில் ‘வலிக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பதினெட்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து பிறர் எழுதியதில் கையெழுத்துப் போட்டு வந்த வலி என்று எழுதத் துணை மேலாளருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ‘படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயைத் தினமும் தூக்குவதால்’ என்று எழுதினார். தூக்குவது என்னவோ அவர் மனைவி. ஒரே குடும்பம்தானே, யார் தூக்கினால் என்ன!

படித்ததும் மசாஜ்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!” வியாழன்தோறும் மற்றவர்களுக்கு முக்கால் மணி நேரம் என்றால் அவருக்கு ஒரு மணி நேரம். பலன் இல்லாமல் இல்லை. இடுப்புப் பிடிப்பு இளகியது, படுத்ததும் தூங்கினார், அலுவலகத்தில் எரிந்து விழுவதை வாரம் இரண்டு தடவையாகக் குறைத்துக்கொண்டார். மன அமைதி பற்றி ஊழியர்களுக்கு ஒரு சொற்பொழிவுகூட ஆற்றி, அவர்கள் விட்ட கொட்டாவிகளை அமைதியின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார். வீட்டில் மட்டும் வியாழக்கிழமை ‘மீட்டிங்’ என்று சொல்லிவைத்திருந்தார்.

மூன்றாம் மாதம் மனைவிக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

“எலும்புல ஒண்ணுமில்லையாம், தசை இறுகிப்போயிருக்காம். மசாஜ் பண்ணச் சொல்றாரு டாக்டர். நல்ல ஆளா யாராவது தெரியுமாங்க?”

“விசாரிக்கிறேன்” என்றார். ஒன்பது நாள் விசாரித்தார். அவள் இடது கையாலேயே அத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இடையில் வந்த வியாழனன்று முதுகில் எண்ணெய் பட்டதும் அவருக்கு முள்ளாய்க் குத்தியது. ஆனாலும் முழு ஒரு மணி நேரமும் படுத்திருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

பத்தாம் நாள், அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, மனைவியை அதே மசாஜ் நிலையத்துக்கு அழைத்துப்போனார்.

“வாங்கம்மா! உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். பெத்தவளைத் தூக்கித் தூக்கியே முதுகு போச்சு, பாவம்.”

மனைவி திரும்பிப் பார்த்தாள். “யாரு தூக்குறது?”

‘ரெண்டு பேரும்தான்’ என்ற பதில் அவர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய வலது கை, வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது.

“இவதான் தூக்குறா. நான் ஒரு நாளும் தூக்கினதில்ல.”

“அப்போ மூணு மாசமா நான் எதைப் பிசைஞ்சேன்?”

“நாற்காலி வலி.”

“மூணு மாசமாவா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி திரைக்கு உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சிறிது நேரத்தில் உள்ளே விசும்பல் கேட்டது.

“ரொம்ப வலிக்குதாம்மா?”

“இல்லீங்க. என்னை ஒருத்தர் பிடிச்சுவிட்டு எத்தனையோ வருஷமாச்சு… ஐயோ, மணி என்ன? நாலு மணிக்கு அத்தையைத் திருப்பிப் படுக்கவைக்கணும்!”

“பேசாம படுங்க. அதுக்குத்தான் பிள்ளை இருக்காரே.” திரையைத் தாண்டிக் குரல் வந்தது: “சார், ஒரு கை தோளுக்கு அடியில, ஒரு கை இடுப்புக்கு அடியில. முட்டியை மடக்குங்க, முதுகை வளைக்காதீங்க. கிளம்புங்க!”

போனார். சொன்னபடியே கையைக் கொடுத்தார். முதல் தடவை பாதியில் நழுவிவிட்டது.

“மூட்டையாடா நான்? அவ எங்க?”

“இன்னிக்கு நான்தாம்மா.”

இரண்டாம் தடவை எப்படியோ திருப்பிவிட்டார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

“அவளும் இப்படித்தான், என்னைத் தூக்குறப்பல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகுவா” என்றாள் அம்மா. “உனக்குக் கேட்டதே இல்லையா?”

அவருடைய அறை அடுத்ததுதான். கேட்டிருக்கிறது.