ஏழரை அங்குலம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரவிக்கையோடு சேர்ந்து கிடைத்தது. ஹாலிஎலயில் பெரிய வீதியை ஒட்டி ஒற்றை அறையில் கம்சலா தையல் கடை வைத்திருக்கிறாள். நான் பதுளையில் படிப்பிப்பவள். எப்போதாவது கதையும் எழுதுவேன். தோள் அளவு எடுத்துக்கொண்டே, வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவள் இதைச் சொன்னாள். குண்டூசிகளுக்கிடையில் வந்த பேச்சு என்பதால் சில இடங்கள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்த இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எங்கெங்கே என்று இப்போது எனக்கே தெரியாது.

எழுதலாமா என்று கேட்டேன். குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதுங்க டீச்சர். ஆனா என்னைய நல்லவளா எழுதிப்புடாதீங்க. ஜெயந்தினி படிச்சா சிரிப்பா."

2

முதல் வரி மூன்று முறை எழுதினேன்.

[கத்திரிக்கு நெஞ்சு கிடையாது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் கைக்கு] — வானொலி நாடகத்தின் குரல் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

[பனி போர்த்திய அப்புத்தளை மலைச்சரிவில்,] — அப்புத்தளையில் பனி இல்லாத நாள் ஒன்று வந்தால் அதை எழுதலாம்.

[அவள் வேண்டுமென்றேதான் வெட்டினாள்.] — இது நல்ல முதல் வரி. ஒரே குறை, உண்மையா என்று தெரியாது. இதற்குத் திரும்ப வருவேன்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். கம்சலாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம், அதுவும் வெட்டும் பிரிவில், இருந்தவள். அவளுடைய தம்பி கிரிஷாந்தன். தம்பி மனைவி ஜெயந்தினி அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி டீச்சர்; அங்கேயே தொழிலாளர் லயத்து வீட்டில் மகளோடு இருக்கிறாள். கிரிஷாந்தன் ஆறு வருடத்துக்கு முன்னால் வேலைக்கென்று கொழும்பு போனான். முதல் வருடம் மாதாமாதம் வந்தான். பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தான். பிறகு போனில் வந்தான். அங்கே அவனுக்கு இன்னொரு வீடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

மகள் நிலுக்ஷி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, பதுளையில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் பெற்றவள். விடுதிக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களில் ஒரு வாளியும் ஒரு போர்வையும் இருந்தன.

3

டிசம்பர் தொடக்கத்தில் ஜெயந்தினி ஒரு பையோடு கடைக்கு வந்தாள். பைக்குள் அவளுடைய கூறைச்சேலை.

"இதை வெட்டி ஒரு துண்டுப் போர்வை தைச்சுக் குடுங்க அண்ணி. கட்டம் கட்டமா, அந்த எல்ல ஊரு ஓட்டல்காரங்களுக்குத் தைப்பீங்களே, அது மாதிரி."

கம்சலா சேலையைத் தொடவில்லை.

"புருசன் உசுரோட இருக்கையில கூறைய வெட்டுறதா? யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"உசுரோடதான் இருக்காரு. இல்லேங்கல. புள்ளைக்குக் குளிருதுன்னா வந்து போர்த்தி விடவா போறாரு?"

"வேற துணி வாங்கித் தைக்கிறேன். பதுளையில நல்ல துணி கெடக்கு."

"பெட்டியில வெச்சு இத்துப் போகுது அண்ணி. விரிச்சுப் பாருங்க."

விரித்துப் பார்த்தாள். சொன்னது உண்மைதான். மலைநாட்டு ஈரம் பெட்டிக்குள்ளும் போகும். மடித்த இடமெல்லாம் நூல் நூலாக விட்டிருந்தது. முந்தானைப் பக்கம் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில்தான் பட்டு இன்னும் பட்டாக இருந்தது.

ஜெயந்தினி இதை ஹாலிஎலயில்தான் தைக்க வேண்டும் என்றில்லை. பண்டாரவளையில் தையற்காரர்கள் இல்லையா? ஏன் புருசனின் அக்காவிடம் கொண்டுவந்தாள் என்று நான் கம்சலாவிடம் கேட்டேன். "என் கையால வெட்டணும்னு நெனைச்சிருப்பா" என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

சேலை ஒரு வாரம் கடையில் மேசை மேல் அப்படியே இருந்தது.*

* ஒரு வாரமா, பத்து நாளா என்று கம்சலாவுக்கு ஞாபகமில்லை. "ஒரு வாரம்" வாசிக்க நன்றாக இருக்கிறது.

4

கணக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்; கஷ்டமானதல்ல. போர்வையில் அகலத்துக்கு ஐந்து கட்டம், நீளத்துக்கு ஏழு கட்டம். சிவப்புப் பட்டு ஒன்று, இளநீலப் பருத்தி ஒன்று என்று மாறி மாறி வரும். பட்டு பதினெட்டு, பருத்தி பதினேழு. தைத்து முடித்தால் ஒவ்வொரு கட்டமும் எட்டு அங்குலம். ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குள் கால் அங்குலம் போகும். ஆகவே துணியை எட்டரை அங்குலமாக வெட்ட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்சலா பருத்தியை வெட்டினாள். பதினேழும் எட்டரை. பதினேழு தடவை சுற்றி வெட்டியதில் துணி மேல் வைத்த அளவு அட்டையின் ஓரம் பிசிறிப்போயிற்று. பட்டு வழுக்கும், அதற்கு அட்டை கூர்மையாக இருக்க வேண்டும் என்று பழைய கலண்டர் அட்டையொன்றை எடுத்தாள். அப்போது போன் அடித்தது. கிரிஷாந்தன்.

"அக்கா, பொங்கலுக்கு வர்றேன்."

"ம்."

"இந்தவாட்டி வந்தா வந்ததுதான். திரும்பிப் போறதா இல்ல. ஜெயந்தினிகிட்ட இப்ப சொல்லாத. நானே வந்து சொல்லிக்கிறேன்."

பொங்கலுக்கு வருகிறேன் என்பதை அவன் முன்பும் மூன்று வருடம் சொல்லியிருக்கிறான். திரும்பிப் போகமாட்டேன் என்றது இதுதான் முதல் தடவை. கம்சலா போனைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். கலண்டர் அட்டையில் புதிய கட்டம் கீறினாள். எட்டோடு அரையைக் கூட்டுவதற்குப் பதில் எட்டிலிருந்து அரையைக் கழித்தாள். பட்டை விரித்தாள். நல்ல இடமாகப் பார்த்துப் பார்த்து, நிமிராமல், பதினெட்டுத் துண்டும் வெட்டினாள்.

நீலத்தின் மேல் சிவப்பை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலு பக்கமும் நீலம் எட்டிப் பார்த்தது.

"ஏழரை, டீச்சர்" என்று என்னிடம் சொன்னாள். "வெட்டுறதுதான் வெட்டுனேன், வேற அளவு கெடைக்கல பாருங்க. ஏழரைய வெட்டி வெச்சா வெளங்குமா?"

மிஞ்சிய பட்டில் இன்னொரு முழுக் கட்டத்துக்கு இடமில்லை. எல்லாம் மடிப்பும் இற்றதும்தான்.

5

இந்த இடத்தில் நான் மூன்றாவது முதல் வரிக்குத் திரும்புகிறேன். நான் படித்த புத்தகங்கள் எல்லாம், கை சும்மா தவறாது, மனம்தான் கையைத் தவற வைக்கும் என்கின்றன. தம்பி வருகிறான் என்று கேட்டதும் அவன் கொடுத்த கூறையை வெட்ட அக்காவுக்கு மனம் வரவில்லை. ஆகவே கை குறைத்து வெட்டியது. நன்றாகத்தான் இருக்கிறது. இதைக் கம்சலாவிடம் சொன்னேன்.

"மனசு வரலேன்னா கத்திரிய எடுத்திருக்கவே மாட்டேனே" என்றாள். "பதினொரு வருசம் வெட்டுனவ நானு, டீச்சர். ஒரு நாளு கூட்டுறதுக்குக் கழிச்சுட்டேன். அம்புட்டுத்தான்."

என் பாத்திரம் என்னைவிடத் தெளிவாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

நல்லவளாக எழுதாதே என்றவள் அடுத்து செய்தது பொய் சொன்னது. அன்று பகலே ஜெயந்தினிக்குப் போன் எடுத்தாள்.

"துணி ரொம்ப நைஞ்சு போயிருக்கு. வெட்ட வெட்டக் கிழியுது. போர்வைக்குப் பத்தாது போல."

சேலை மேல் பழியைப் போட்டாயிற்று. சேலை மறுத்துப் பேசாது. ஜெயந்தினி "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சனிக்கிழமை. காலை ரயிலில் ஹாலிஎலயில் வந்து இறங்கினாள்.

6

கடைக்குள் வந்தவள் உட்காரவில்லை. மேசையில் அடுக்கியிருந்த பதினெட்டுத் துண்டையும் எடுத்து, சீட்டுக்கட்டைத் தட்டுவதுபோல் மேசையில் தட்டினாள். ஓரங்கள் ஒன்றாக நின்றன. ஒரு துண்டுகூட வெளியே நீளவில்லை.

"நைஞ்ச துணி இவ்வளவு நேராவா கிழியும் அண்ணி?"

கம்சலா கலண்டர் அட்டையை மெஷினுக்கடியில் தள்ளினாள்.

"வெட்ட மனசில்லேன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். பாழாக்கிட்டு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"பாழாக்கணும்னு செய்யல. கணக்குத் தப்பிருச்சு. எட்டரை வெட்டணும், ஏழரை வெட்டிட்டேன்."

"நீங்களா? கணக்குத் தப்பினீங்களா?"

"போன் வந்துச்சு."

"யாரு?"

இங்கே கம்சலாவுக்கு வேறு பெயர் சொல்ல வழி இருந்தது. தைத்த சாமான் கேட்டு எல்ல ஓட்டல்கார ஜெனீரா எடுத்தாள், ரவிக்கை முடிந்ததா என்று யாரோ கேட்டார்கள் — எதையும் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைச் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் பாரமில்லை.

"அவன்தான்" என்றாள். "பொங்கலுக்கு வர்றானாம். திரும்பிப் போக மாட்டானாம். ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னான்."

ஜெயந்தினி என்ன செய்தாள் என்பதை நான் மூன்று விதமாக எழுதினேன்.

[ஜெயந்தினியின் கண்கள் நிறைந்தன. அந்தச் சிவப்புத் துண்டுகளை நெஞ்சோடு] — இல்லை.

[துண்டுகளை முகத்தில் விட்டெறிந்துவிட்டு] — எறியக்கூடியவள்தான். ஆனால் எறியவில்லை.

[அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல்] — சிரிப்பைக் கதாசிரியர்கள் வேறெதுவும் தோன்றாதபோது போடுவார்கள்.

நடந்தது இதுதான். அவள் துண்டுகளை மேசையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு கேள்வி கேட்டாள்.

"போன் வந்தது வெட்டுறதுக்கு முந்தியா, அப்புறமா?"

கம்சலாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை.

"முந்தித்தான். பேசி வெச்சிட்டுத்தான் பட்டை எடுத்தேன்."

"அவரு வர்றாருன்னு தெரிஞ்சப்புறம் வெட்டுனீங்க."

"ஆமா."

"பதினெட்டும்."

"ஆமா. பதினெட்டும்."

வீதியில் பண்டாரவளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.* ஜெயந்தினி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு,

"அப்பச் சரி" என்றாள். "இதுல இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க."

 * அந்த பஸ் நான் சேர்த்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் போக வேண்டியிருந்தது.

7

என்ன பண்ணலாம் என்பதற்கு இரண்டு வழி இருந்தது. நீலத்தையும் ஏழரையாகக் குறைப்பது ஒன்று. போர்வை கட்டையாகிவிடும், பதினொரு வயதுப் பிள்ளை வளரும். மற்றது, ஒவ்வொரு சிவப்புத் துண்டுக்கும் நாலு பக்கமும் ஓர் அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தைப்பது. பட்டியில் பாதி தையலுக்குள் போய்விடும். வெளியே அரை அங்குலம் தெரியும். கட்டம் சரியாக எட்டரைக்கு வந்துவிடும். பதினெட்டுத் துண்டுக்கு நாலு வீதம் எழுபத்திரண்டு பட்டி.

என் முதல் பிரதியில் அந்தப் பட்டிகள் கிரிஷாந்தனின் பழைய வெள்ளைச் சட்டையிலிருந்து வந்தன. அக்காவின் அலுமாரியில் ஆறு வருடமாக மடித்திருந்த சட்டை. கம்சலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் சட்டை எங்கிட்ட எதுக்கு இருக்கு?" என்று கேட்டாள். நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

உண்மையில் அது ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி. கம்சலா முதலில் கறுப்பை எடுத்தாள்.

"கறுப்பு வேணாங்க அண்ணி. புள்ளை மொதமொதல்ல வெளிய போகுது."

"சிவப்புக்குக் கறுப்புத்தான் எடுக்கும்."

"எடுத்தா எடுக்கட்டும். வேணாம்."

மஞ்சள் எடுத்தார்கள். கம்சலா பட்டி வெட்டினாள். ஜெயந்தினி தன் பையிலிருந்த முன்பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். நம்பிக்கையில்லாமலா என்று கேட்டதற்கு, "நம்பிக்கை இருக்கு. அளந்தும் பாக்கிறேன்" என்றாள். பட்டு நழுவியது, இரண்டு கட்டத்தைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்தது. பகலுக்குப் பாணும் பருப்பும். கிரிஷாந்தனைப் பற்றிப் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு தடவை கம்சலா கேட்டாள்:

"பொங்கலுக்கு வந்து நின்னான்னா என்ன செய்வ?"

"பொங்கல்தான் வைப்பேன்" என்றாள் ஜெயந்தினி. "வருசா வருசம் வைக்கிறதுதானே."

மஞ்சள் பதினாறு கட்டத்துக்கு வந்தது. மீதி இரண்டுக்கும் பச்சை போட்டு, காலடிப் பக்கத்து மூலைகளில் வைத்தார்கள். ஞாயிறு மத்தியானம் மேல்புறம் முடிந்தது. கம்சலா அதைத் தரையில் விரித்துப் பார்த்துச் சொன்னாள்: "சரியா வெட்டியிருந்தா இவ்வளவு நல்லா இருந்திருக்காது." நிஜமாகவே நன்றாக இருந்ததா, தப்பு செய்தவள் சொல்லும் பேச்சா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் போர்வையைப் பார்த்ததில்லை.

8

இனி பொங்கல்.

அவன் வந்தானா இல்லையா என்று கம்சலா எனக்குச் சொல்லிவிட்டாள். அப்போது அவள் வாயில் குண்டூசி இருக்கவில்லை, தெளிவாகவே கேட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. வந்தான் என்று எழுதினால் அது அவன் திரும்பி வந்த கதையாகிவிடுகிறது. வரவில்லை என்று எழுதினாலும் அவன் வராத கதைதான். எப்படி எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் அவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இரண்டு நாள் முதுகு வலிக்கத் தைத்தவர்கள் இரண்டு பெண்கள்.

அதனால் இரண்டு வாக்கியத்தையும் எழுதிவைக்கிறேன். உங்களுக்கு வேண்டாததை அடித்துவிடுங்கள். பேனா இல்லாவிட்டால் நகத்தால் கீறினாலும் போதும்.

(அ) கிரிஷாந்தன் பொங்கலுக்கு வந்தான்.

(ஆ) கிரிஷாந்தன் பொங்கலுக்கு வரவில்லை.

எதை அடித்தாலும் சரி. அடுத்த வாக்கியம் இரண்டுக்கும் பொதுவானது. அதை மட்டும் நான் மாற்ற விடமாட்டேன்:

விடுதி திறந்த நாள் காலையில் ஜெயந்தினியும் நிலுக்ஷியும் அப்புத்தளையில் பதுளை ரயில் ஏறி ஜன்னலோரமாக மூன்று பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்; ஹாலிஎலயில் கம்சலா ஒரு புது வாளியோடு ஏறினாள்.