‘கி’யும் ‘இச்’சும்

மனைவி எந்த மொழியில் தனக்குள் சிரித்துக்கொள்கிறாளோ, அந்த மொழியைத் தாமும் கற்றே தீர்வது என்று இராஜமாணிக்கம் தமது நாற்பத்தொன்பதாம் வயதில் முடிவு செய்தார். குவைத்தில் ஒரு வீட்டில் ஆறாண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள் பேச்சி. கேத்தியில் அவர்கள் குடியிருந்த தார்சு வீடு அந்த உழைப்பில் எழுந்தது. ஆனால் வெங்காயம் நறுக்கும்போது அவள் வாயில் ஏதோ இரண்டு சொல் வரும். பின்னாலேயே ஒரு புன்னகை வரும்.

“என்ன புள்ள சொன்ன?”

“ஒண்ணுமில்லீங்க. அங்கத்த பேச்சு.”

அந்த ஒன்றுமில்லாததன்மீதுதான் அவருக்குத் தீராத பொறாமை.

அரபி இலக்கண நூல் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். தாம் வரவேற்பு எழுத்தராக இருந்த குன்னூர் விடுதியில், சாவிப் பலகையின் கீழே அமர்ந்து, மூன்றாண்டுகள் எழுத்தெழுத்தாகப் பயின்றார். நலம் விசாரிக்கையில் ஆணுக்குக் ‘க’, பெண்ணுக்குக் ‘கி’ என்று விகுதி பிறழாமல் சொல்லப் பழகினார். அதே விடுதியில் அறை கூட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்த பேச்சியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. ஒருநாள் அவள் முன்னால் மடை திறந்தாற்போல் பேசி, அவளை வாயடைத்து நிற்கவைக்க வேண்டும்!

அந்த நாள் ஆகஸ்டு மழையோடு வந்தது. குவைத்திலிருந்து உம்மு காலித் என்ற அம்மையார் பிள்ளைகளோடு வந்து இறங்கினார். இராஜமாணிக்கம் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, “கைஃப ஹாலுகி, யா செய்யிததீ?” என்று அம்மையாரிடம் நலம் விசாரித்தார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்போது கம்பளிகளைச் சுமந்துகொண்டு வந்த பேச்சி, கணவரை ஒருதரம் வியந்து பார்த்துவிட்டு, அம்மையாரிடம் “ஷ்லோனிச்?” என்று தானும் நலம் விசாரித்தாள். அம்மையாரின் முகம், சொந்தக்காரியைக் கண்டாற்போல் மலர்ந்தது.

இராஜமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. “தப்பு புள்ள! பொம்பளைக்குக் ‘கி’ போடோணும். ‘இச்’சுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது” என்றார், எல்லாரும் கேட்க. மனைவியின் பிழையைப் பொறுத்தருளுமாறு அம்மையாரிடம் அரபியிலும் வேண்டிக்கொண்டார். அம்மையார் பேச்சியிடம் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னவாம்?”

“அவங்க ஊட்டுல எல்லாருமே ‘இச்’சுன்னுதான் பேசுவாங்களாமுங்க. உங்களாட்டம் பேசறது டிவியில நியூஸ் வாசிக்கிறவரும், பொம்மைப் படத்துல வர்ற புலியுந்தானாம்.”

மேலாளர் சகாயம் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்பச் சரி. நாளைக்கு இவங்க மசினகுடி போற ஜீப்புல, பேச்சு மாத்திச் சொல்லப் புலி வேண்டாம். பேச்சியக்காவே கூடப் போகட்டும்.”

மறுநாள் மாலை திரும்பிவந்த பேச்சியின் முகத்தில் வெங்காயம் நறுக்கும்போது வரும் அதே புன்னகை இருந்தது. அவள் வேலை பார்த்த வீடு, அம்மையார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தானாம்.

“அந்த ஊட்டுப் பையன் ஃபஹத் கைக்கொழந்தையா இருக்கறப்பப் போனனுங்க. என்னையத்தான் ‘யும்மா’ன்னு கூப்பிடுவான். அம்மான்னு அர்த்தம். அங்கெல்லாம் அம்மாவும் புள்ளைய ‘யும்மா’ன்னே கூப்பிடுவாங்க. இப்பப் பத்து வயசாம். அவனுக்கு உங்க நம்பர அந்தம்மாகிட்டக் குடுத்தனுப்பியிருக்கேன்.”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறாண்டுக் காலம் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கிறான். தமக்கு மட்டும் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த ஞாயிறு காலை அவரது கைப்பேசியில் செய்தி வந்தது. அத்தனையும் அரபி எழுத்து. பேசத் தெரிந்த பேச்சிக்குப் படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

முதற்சொல்லில் மூன்றே எழுத்து: யா, மீம், ஹா. அவரது நூலில் இல்லாத சொல். ஆயினும் அது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு இரண்டாம் சொல்லிலிருந்து படித்தார். “ஷ்லூனஜ்.”

“ஷ்லோனிச்சுங்க!”

“இங்க ஜீம்தான் போட்டிருக்கான்.”

“எழுத்துல எதையோ போடட்டும். வாயில ‘இச்’சுதான். அப்புறம்?”

“வலஹ்து அலய்ஜ்.” அதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை.

“‘உன்னையத் தேடுது’ங்கறானுங்க.” அவள் கண் நிறைந்தது. பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “மொதல்ல ஒண்ணும் போடலீங்களா?”

“இல்லியே.”

“அதைச் சொல்லாம அவன் பேச்சையே எடுக்கமாட்டானுங்களே.” அவள் வரியின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். “இதுங்களா மொதல் வார்த்தை?”

வலமிருந்து இடமாக ஓடும் அரபியில் அது கடைசிச் சொல். ஆமென்று தலையசைத்தால் அத்தோடு முடிந்துவிடும். இராஜமாணிக்கம் அவளது விரலைப் பிடித்து, மெதுவாக நகர்த்தி, வலது ஓரத்தில் வைத்தார்.

“இங்கிருந்து படிக்கோணும். யும்மா.”

“ஹா, யும்மா!” என்றாள் பேச்சி சட்டென்று, கைப்பேசியைப் பார்த்து.

அந்தப் பதில் தமக்கு வந்ததன்று என்பது அவருக்குத் தெரியும்.

“இன்னொருக்காப் படிங்க” என்றாள்.

அவர் முதலிலிருந்து படித்தார். இம்முறை ‘இச்’ என்றே படித்தார்.