அனுப்பாததன் எதிரொலி

"ராத்திரி வானத்துல ஆடுற அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்து விசிலடிச்சாலே ஆகாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. நீங்கல்லாம் தினமும் அதைக் குத்திக்கிட்டே இருக்கீங்களே, பயமா இல்லையாடி?" என்று கலைமான் மேய்க்கும் மாரெத் ஒருமுறை குன்வோரைக் கேட்டாள்.

குன்வோர் சிரித்து மழுப்பினாள். வடக்கு நார்வேயின் அந்த ரேடார் நிலையத்தில் அவளுக்கு அது வெறும் வேலை. வானத்துக்கு ரேடியோ துடிப்புகளை அனுப்ப வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேலே மின்னேறிக் கிடக்கும் காற்று அதில் ஒரு துளியைக் கண்சிமிட்டும் முன் திருப்பிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் துடிப்புகளின் வரிசை வேறு, கைரேகை மாதிரி.

அன்றைய சோதனை அவளோடு வேலை பார்க்கும் ஐலெர்டுடையது. மூன்று வருடமாக அவன் காத்திருந்த சூரியப் புயல் வந்துவிட்டது. இன்று அளக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் வெளியே ஆன்டெனாவில் உறைந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். வழக்கப்படி டிரான்ஸ்மிட்டர் சாவி அவன் பையில் இருந்தது. ஆள் வெளியே நிற்கும்போது யாரும் தவறி முடுக்கிவிடக் கூடாது; அந்த வீச்சு ஆளைச் சுட்டுவிடும்.

சாவி இல்லாத அந்த நேரத்தில் திரையில் எதிரொலி வந்தது.

குன்வோர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். துடிப்புகள் ஒழுங்காக வந்து, கத்தரித்தாற்போல் நடுவில் நின்றன. பக்கத்து நிலையங்களுக்குப் போன் போட்டாள். யாரும் அனுப்பவில்லை.

தாடியில் பனியோடு உள்ளே வந்த ஐலெர்ட், அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"மாரெத்கூட உக்காந்து காபி குடிக்காதேன்னு சொன்னேன்ல? ஏதாவது கப்பலோட சிக்னலா இருக்கும்."

"கப்பல் மேலேருந்தா வரும்?"

"சரி தாயே, பேயே அனுப்பட்டும். நான் முடுக்கறேன்." சாவியைச் செருகினான்.

"இருடா. அது பாதியில நின்னுச்சு. நாம எதுக்குப் பாதியில நிறுத்துவோம்?"

அவனுக்குத் தெரியும். ஆன்டெனா வேலிக்குள் ஆள் தென்பட்டால் மட்டும்தான் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். சூரியனே எழாத குளிர்காலத்துப் பிற்பகல் இருட்டில் வெறும் பனி, அவன் வந்த காலடித் தடம்.

"யாரும் இல்ல" என்றான்.

"இன்னும் இல்ல" என்றாள் குன்வோர்.

அவன் எரிச்சலோடு திரைக்குக் குனிந்தான். பதிவான துடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தான். விரல் நின்றது. காலையில் வீட்டில் உட்கார்ந்து அவன் புதிதாக அமைத்த வரிசை அது. நிலையத்துக் கணினியில் இன்னும் ஏற்றவில்லை. யாரிடமும் காட்டவுமில்லை. இனிமேல்தான் அதை அனுப்ப வேண்டும்.

"இது எப்ப வந்துச்சுன்னு சொன்னே?"

"நீ ஆன்டெனா மேல ஏறி நின்னப்ப."

வெளியே வானம் பச்சையாகக் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஐலெர்ட் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சாவியை உருவி மேசைமேல் வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டான். குன்வோர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவன் கார் விளக்கு ஊர்ப்பக்கமாக இறங்கிப் போனது.