ருசி பார்க்கிறவன்

விங்ஸ் தட்டு ஃபிரிட்ஜுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. லிஃப்டுக்காரன் நேராக வைத்துப் பார்த்தான், சாய்த்து வைத்துப் பார்த்தான், கெஞ்சாத குறையாகத் தள்ளியும் பார்த்தான். கடைசியில் பால் பாக்கெட்டுகளை எடுத்து ஜன்னலோர மேடையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் தட்டைச் செருகினான். மசாலா தடவிய கோழி இறக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கதவைச் சாத்த முழங்காலும் உதவிக்கு வரவேண்டியிருந்தது. பாலை வேறு எங்காவது குளுமையாக வைக்க வேண்டும் என்று அப்போது நினைக்கத்தான் செய்தான். அதற்குள் கைப்பேசி அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், விடுமுறை நாளானாலும் வந்துதான் தீர வேண்டுமாம். மனைவி காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்பி வந்தபோது மேடையில் வெயில் போயிருந்தது, பால் இருந்தது. அவள் சாஸ் காய்ச்சுவதில் மும்முரமாக இருந்தாள். எதற்கு வம்பு என்று பேசாமல் பாக்கெட்டுகளை வெட்டி ஜாடியில் ஊற்றிக் தட்டு வெளியே வந்துவிட்ட ஃபிரிட்ஜில் குளிரட்டும் என்று வைத்தான். ஊற்றும்போது கொஞ்சம் கெட்டியாக விழுந்ததைக் கவனித்தான். பரவாயில்லையே, நல்ல பாலாகத்தான் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். மூக்குள்ள வேறு யார் ஊற்றியிருந்தாலும் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

இவனுக்கு மூக்கு முகத்தில் இருந்ததே தவிர வேலை செய்யவில்லை. மழை சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது வாசனையையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் வெந்நீராகிவிட்டது. எதை மென்றாலும் ஈரத்துணியை மெல்வது மாதிரி இருந்தது. மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வரலாம், வராமலும் போகலாம், பொறுமையா இருங்க என்றார். பொறுமையாகத்தான் இருந்தான். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி ஓர் அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறாள். விடியுமுன் எழுந்தால் டப்பாக்களை அடுக்கி அனுப்புகிற வரையில் உட்கார மாட்டாள். அடுப்பின் ஆவி முகத்தில் அடித்து அடித்து நாக்கு மரத்துப்போய்விடுகிறது என்பது அவள் கட்சி. அதனால் வீட்டுச் சமையலாக இருந்த காலத்திலிருந்தே ஒரு ஏற்பாடு. சமைப்பது அவள், ருசி பார்ப்பது அவன். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அடுக்களை வாசலில் வந்து நிற்பான். அவள் கரண்டியை ஊதி நீட்டுவாள், அவன் வாயைத் திறப்பான், அவள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். "சரியா இருக்கு" என்று அவன் சொன்ன பிறகுதான் மூடி மூடும். பொல்லாத நாக்கு அவனுக்கு. வெங்காயம் கொஞ்சம் கூடுதலாக வதங்கியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அந்த நாக்கை நம்பித்தான் அவள் அலுவலக ஆர்டரையே ஒப்புக்கொண்டாள். புது டப்பாக்கள் வந்து இறங்கி, அவள் கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் அந்தக் காய்ச்சலும் வந்தது. அப்போது போய் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்தான். தள்ளிப்போட்ட விஷயம், நாள் ஆக ஆகச் சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

தினமும் வாயைத் திறந்தான், தினமும் சரியா இருக்கு என்றான். பொய் சொல்வது இவ்வளவு உடம்பு நோகிற வேலை என்று அவனுக்கு இதுவரை தெரியாது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸில் புரண்டுவிட்டு வருவதுகூட இவ்வளவு அசதி தராது. இதில் அவனாகச் செய்த கெட்டிக்காரத்தனம் வேறு ஒன்று. எப்போதும் சரி, சரி என்றே சொன்னால் சந்தேகப்படுவாளோ என்று, நடுநடுவே, "இன்னும் ஒரு சிட்டிகை உப்பு போடலாம்" என்பான். அவளும் போடுவாள். சாப்பாடு போய்ச் சேரும். அலுவலகத்திலிருந்து போன் வரும். ஒரு நாள் கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது, முன்ன மாதிரி இல்லையே அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதைதான் அவளை உடைத்தது.

"நாளைக்கழிச்சு ஒருநாள் குடுத்துட்டு, வேற ஆள் பாத்துக்குங்கன்னு சொல்லிடப் போறேங்க," என்றாள் முந்தின நாள் பூண்டு உரித்தபடி. "எனக்குக் கை போயிடுச்சு. நீங்க பாத்து சரின்னு சொல்றதே அவங்களுக்குப் பிடிக்கலன்னா, அப்புறம் நான் என்னத்த சமைக்கிறது?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் நாளை காலையிலிருந்து அந்த அடுக்களை வாசலில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? விருந்து முடியட்டும், சொல்லிவிடலாம் என்று மென்று விழுங்கினான்.

விருந்தும் இவன் இழுத்துவிட்டதுதான். நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டில் கூடுவது வழக்கம், கூடினால் ஏதாவது ஒரு பந்தயம் உண்டு. இவன் முறை வந்ததும், சிக்கன் விங்ஸ், ஆறு கிண்ணம் சாஸ், ஒன்றைவிட ஒன்று காரம், பாலைத் தொட்டவன் அவுட் என்று அறிவித்துவிட்டான். "உங்களுக்குக் காரமே ஆகாதே?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். ஒரு நாள் தெரியாமல் பச்சைமிளகாயைக் கடித்துவிட்டதை அவளிடம் எப்படிச் சொல்வது? சுள்ளென்று எரிந்தது. ருசி இல்லை, வெறும் எரிச்சல்தான். ஆனாலும் தனக்கு வாய் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் நினைவு வந்தது. நின்ற இடத்திலேயே இன்னொரு மிளகாயையும் கடித்தான்.

மூன்று பேர் வந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற நெட்டை, வாசலில் குனிந்து நுழைந்தான். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் வரும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மச்சினன், அக்கா வீடு என்ற உரிமையில் நேராகப் போய் வறுத்த இறக்கை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய் லிஃப்டு, இன்னிக்கு எங்கள மேல ஏத்தி விடுறியா, கீழ எறக்கி விடுறியா?" என்றான் நெட்டை.

"இறங்குறதுக்குத்தான் நீ வண்டி வச்சிருக்கியே," என்றார் வாத்தியார். "ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி விட்டுடு."

முதல் கிண்ணம் போனது, இரண்டாவதும் போனது. நெட்டை கண்ணை மூடி மென்றான். "தங்கச்சி, இதுல தேன் ஏதும் விட்டீங்களா? அடியில பூண்டு நிக்குது பாருங்க, அருமை."

"போங்கண்ணே, ஓசியில சாப்பிடுறவங்க குறையா சொல்லப் போறீங்க," என்றாள் அவள் அடுக்களை வாசலில் நின்றபடி. அவர்கள் சொன்னதை அவள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் அவன் பக்கம் போனது. "என்னங்க, எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முகம் மலர்வாள். இன்றைக்கு அது அவள் முகத்தில் எதையும் செய்யவில்லை, அதைப் பார்க்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் தேன் விட்டிருக்கிறாள் என்பதே அவனுக்கு நெட்டை சொல்லித்தான் தெரிந்தது.

மூன்றாவது கிண்ணம் அவனுக்குக் கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது. உதட்டில் ஆரம்பித்து நாக்கில் ஏறி காது வரைக்கும் போனது. மற்றவர்களுக்கு அந்தக் காரம் தேனோடும் பூண்டோடும் கைகோத்துக்கொண்டு வந்தது, இவனுக்கு மொட்டையாக வந்து இறங்கியது. நான்காவதில் அது கைமீறிப் போனது. கண்ணில் நீர் கொட்டியது. கொட்டட்டும் என்று விட்டான். அழுவதற்கு இதைவிட நல்ல சாக்கு இனி கிடைக்கப்போவதில்லை. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், துடைக்கவும் சொல்ல மாட்டார்கள். இத்தனை மாத அலுப்பும் கண் வழியே இறங்கிப் போகிறது போலிருந்தது. பிறகு அதுவும் முடியாமல் போய் ஜாடியை எட்டி எடுத்து, ஊற்றி, மடமடவென்று குடித்தான்.

"போச்சு! விருந்து வச்சவனே மொத அவுட்டு!" மேசையைத் தட்டிக்கொண்டு கூத்தாடினார்கள்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் அவன் கண்ணீரைப் பார்த்துப் பதறிப்போனாள். "ஏங்க இப்படி வருத்திக்கிறீங்க? நல்லா குடிங்க. ஜில்லுன்னு இருக்கா பால்? நல்லா இருக்கா?"

"சரியா இருக்கு," என்றான் அவன். "நல்ல கெட்டிப் பால்." இன்னொரு டம்ளரும் ஊற்றிக் குடித்தான்.

ஐந்தாவதில் பேச்சு நின்றது. ஆறாவதை மூன்று பேரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாகக் கடித்தார்கள். வாத்தியாரின் வழுக்கைத் தலை சிவந்தது. மானத்தை யார் முதலில் விடுவது என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூவரும் ஒரே நேரத்தில் பாலுக்குப் பாய்ந்தார்கள்.

அதே வேகத்தில் துப்பினார்கள். மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினான். நெட்டை தட்டிலேயே உமிழ்ந்தான்.

"த்தூ! பால் கெட்டுப் போயிருக்குடா! காரத்துல சாகாதவன பாலக் குடுத்துக் கொல்லப் பாக்குறியா?"

"இவன் ரெண்டு டம்ளர் குடிச்சானே!" வாத்தியாருக்கு மூச்சிரைத்தது. "டேய், நீ மனுசனா என்ன? கெட்டிப் பாலாம்ல!"

வீடே சிரித்தது. வாஷ்பேசினில் குனிந்திருந்த மச்சினன்கூட இருமிக்கொண்டே சிரித்தான். அவள் மட்டும் வந்து ஜாடியைக் கையில் எடுத்தாள். முகர்ந்தவள் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவன் முன்னாலிருந்த காலி டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். தினமும் காலையில் கரண்டியை நீட்டிவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. அவன் குனிந்து, எலும்புகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்க ஆரம்பித்தான்.

அவள் வந்தவர்களுக்குச் சர்க்கரை கொடுத்தாள், ஐஸ்கட்டி கொடுத்தாள், ரொட்டி கொடுத்தாள். நன்றாக இருட்டிய பிறகு அவர்கள் உதட்டை ஊதிக்கொண்டு கிளம்பினார்கள். "அக்கா, அந்த மூணாவது கிண்ணம் மிச்சம் இருந்தா டப்பால போட்டுக் குடேன்," என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான் மச்சினன். மாடிப்படி முழுக்க அவர்கள் சிரிப்பு இறங்கிப் போவது கேட்டது.

அவன் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அடுக்களையில் மறுநாள் டப்பாவுக்கான சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இனி ஒளிய இடமில்லை என்று போய் வாசலில் நின்றான். அவள் திரும்பாமலே கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள், ஊதினாள், திரும்பி நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரி..." என்று நாக்கு பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. அவன் அதைப் பிடித்து நிறுத்தினான். "தெரியலம்மா."

"இதுல இன்னும் உப்பே போடலங்க."

அவள், "எப்பலேர்ந்து?" என்றாள்.

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

"டப்பா குடுக்க ஆரம்பிச்சப்பவேவா?" அவள் மனதுக்குள் ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப... ஒரு சிட்டிகை போடு, இன்னும் கொஞ்சம் போடுன்னு சொன்னீங்களே. நானும் போட்டேனே."

"எப்பவும் சரின்னே சொன்னா உனக்குச் சந்தேகம் வந்துடுமோன்னு..."

சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்குக் கேட்டது. அவள் கரண்டியை மேடையில் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் தன் கைகளை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பூண்டு உரித்து நகமெல்லாம் பழுத்துக் கிடந்தது.

"இந்தக் கைய வெட்டிப் போட்டுடலாமான்னு இருந்தேங்க நான்," என்றாள். "ராத்திரியெல்லாம் தூங்காம."

"உன் கைக்கு ஒண்ணும் ஆகல. என்னால வந்தது."

"அத இன்னிக்குச் சொல்றீங்க."

மன்னிச்சிடு என்று சொல்லலாம். இத்தனை மாதம் பொய்யாகவே அசைந்த நாக்கை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வாயில் கெட்ட பாலின் புளிப்புகூட இல்லை, நான்காவது கிண்ணத்தின் எரிச்சல் மட்டும் ஓரமாக மிச்சமிருந்தது.

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள். உப்பு டப்பாவைத் திறந்தாள். நாளைக்கு அலுவலகத்தில் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. விரல் நுனியில் உப்பை எடுத்தவள் கொஞ்சம் தயங்கினாள், போட்டாள், கிளறினாள். கொதி ஒருமுறை ஏறி அடங்குகிற வரை காத்திருந்தாள். கரண்டியில் எடுத்து ஊதி, பழக்கத்தில் வாசல் பக்கம் நீட்டினாள். அவனும் பழக்கத்தில் வாயைத் திறந்தான்.

கரண்டி பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாக அவள் பக்கமே திரும்பிப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் வாயில் வைத்துக்கொண்டாள். அவன் திறந்த வாயை மூட மறந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.