வட்டத்துக்கு வெளியே மேனேஜர்

தேயிலை விலை விழுந்துகொண்டே போன வருடங்களில், குன்னூர் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே இருந்த அந்த ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. விற்காத தூள் மூட்டைகள் கோடவுனை நிரப்பிவிட்டு ஆபீஸ் வராந்தா வரைக்கும் வந்துவிட்டன. மேனேஜர் முத்துராஜ் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்துதான் தன் நாற்காலிக்குப் போவார்.

இந்த நிலைமையில் கல்கத்தா ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. கம்பெனி காலண்டருக்கு, தொழிலாளர்கள் அத்தனை பேரும் ஃபேக்டரி முன்னால் நிற்கும் படம் வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஃபுல் ஃப்ரேம் என்றால் என்னவென்று முத்துராஜுக்குத் தெரியாது. புரியாத உத்தரவுக்குத்தான் அவர் அதிகம் பயப்படுவார். குன்னூர் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த டக்ளஸை உடனே வரச் சொன்னார்.

"சென்சார்னு ஒரு சில்லு இருக்குதுங்க தொரை. அதுலதான் படம் விழும். என் கேமராவுல அது சின்னது, ஃபுல் ஃப்ரேம்ல பெருசு. காலண்டர்ல பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாதுங்க" என்றார் டக்ளஸ்.

"உனக்குத் தெரியாது. ஹெட் ஆபீஸுக்குத் தெரியும்."

டக்ளஸ் கோயம்புத்தூர் போய் ஒரு பெரிய கேமராவை வாடகைக்கு எடுத்தார். லென்ஸ் தன்னிடமே இருக்கிறதே என்று அதை மட்டும் எடுக்கவில்லை. சுற்று வட்டாரக் கல்யாணங்களை எல்லாம் எடுத்த வைட் லென்ஸ் அது. கடையிலேயே மாட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் டக்கென்று உட்கார்ந்துகொண்டது. அதுவே போதும் என்று குன்னூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் ஃபேக்டரி முற்றத்தில் எல்லோரும் ஒரே வரிசையாக நின்றார்கள். வரிசை முழுவதும் அடங்குவதற்காக டக்ளஸ் பின்னால் போகப் பார்த்தார். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் சரிவு. அதனால் லென்ஸை முழுக்க வைடில் வைத்துவிட்டுக் கண்ணை வைத்தார். நடுவில் ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் கருப்பு. வரிசையின் இரண்டு ஓரங்களையும் காணோம். லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கருப்பு அப்படியே இருந்தது.

"என்னய்யா?" என்றார் மேனேஜர்.

"சின்ன சில்லுக்குச் செஞ்ச லென்ஸுங்க இது. இது போடுற வெளிச்ச வட்டம் பெரிய சில்லு முழுசுக்கும் எட்டமாட்டேங்குது. அப்புறமா கருப்பை மட்டும் வெட்டிறலாமுங்க."

"வெட்டினா?"

"என் சின்னக் கேமராவுல எடுத்த மாதிரியே ஆயிருமுங்க."

"அப்போ அது ஃபுல் இல்லையே!"

"கொஞ்சம் கிட்ட இழுத்து எடுத்தாலும் கருப்பு போயிரும். ஆனா ஓரத்து ஆளுங்களும் போயிருவாங்க."

இடது ஓரத்தில் நின்ற பாய்லர்காரர் சுப்பண்ணன் காதில் கடைசி வார்த்தைகள் மட்டும் விழுந்தன. அவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். அது வரிசையோடு நகர்ந்து வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, இருட்டில் விழுகிறவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது என்றும், அதற்காகத்தான் கல்கத்தாவிலிருந்து தனிக் கேமரா கேட்டிருக்கிறார்கள் என்றும் ஆகியிருந்தது.

வரிசை உடைந்தது. இரண்டு ஓரங்களும் நடுவை நோக்கி ஓடின. நடுவில் நின்றவர்கள் நகர மறுத்தார்கள். சுப்பண்ணன் ஒரு ஆளின் தோள்மேலே ஏறிவிட்டார்.

"ஏனுங்க, எல்லாரும் நில்லுங்க!" என்று கத்தினாள், தூள் சலிக்கிற தபித்தாள். "கேமராவுக்குள்ள வட்டந்தானே இருக்குது? நாமளும் வட்டமாவே நின்னுக்கலாம். எதுக்கு அடிச்சுக்கறீங்க?"

வராந்தாவிலிருந்த மூட்டைகள் முற்றத்துக்கு வந்தன. மாதக்கணக்கில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த தூள் படிக்கட்டாக உயர்ந்தது. கீழே சிலர் படுத்தார்கள், அதற்குமேல் சிலர் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் மூட்டைமேல் நின்றார்கள். உச்சியில் ஃபேக்டரி கூட்டுகிற மருதாம்பாள், அவள் தலைக்குமேல் புகைபோக்கி. டக்ளஸ் கையைக் காட்டக் காட்ட, பிதுங்கிய முழங்கையும் காலும் வட்டத்துக்குள் ஒடுங்கின.

கோட்டுப் போட்டுக்கொள்ள உள்ளே போயிருந்த மேனேஜர் அப்போதுதான் வெளியே வந்தார்.

"எனக்கு எடம்?"

ஒருவரும் அசையவில்லை.

"உங்க வேலையை யாருங்க தொரை எடுக்கப் போறாங்க?" என்றாள் தபித்தாள் மரியாதையாக. "அந்த மேல் ஓரத்து மூட்டையில நின்னுக்குங்க."

பனி சரிவிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது; மூடிவிட்டால் படமே கிடையாது. வேறு வழியில்லாமல் முத்துராஜ் ஏறி நின்றார். டக்ளஸ் பட்டனை அழுத்தினார்.

படம் கல்கத்தா போனது. ஹெட் ஆபீஸிலிருந்து போனில் பாராட்டினார்கள். வட்டம் பிரமாதமான யோசனையாம்.

"நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

"வலது பக்கம் மேலே சார். அந்த ரெண்டு ஷூ."

போனை வைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் தொழிலாளி ஒருவருக்கும் வேலை போகவில்லை. மேனேஜருக்குத்தான் மாற்றல் வந்தது, தேவர்சோலைப் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட்டுக்கு. மேனேஜர் தலையே தெரியாதபோதும் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக நிற்கும் ஃபேக்டரிக்குத் தனி மேனேஜர் எதற்கு என்று கேட்டுவிட்டார்களாம்.

சுப்பண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "நாமதானுங்க அந்த மனுசனை இருட்டுல ஏத்தி விட்டோம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, பிரிவு நாளில் ஒரு படம் எடுக்க ஏற்பாடு செய்தார். டக்ளஸ் இந்தத் தடவை தன் சின்னக் கேமராவையே கொண்டுவந்தார். லென்ஸ் அதேதான்.

"இதுல கருப்பே விழாதுங்க. நல்லா தள்ளித் தள்ளி நில்லுங்க" என்று தொண்டை வறளச் சொன்னார்.

யாரும் நம்பவில்லை. மேனேஜரை நடுவில் நிறுத்தி, மொத்த ஃபேக்டரியும் அவரை நெருக்கிக்கொண்டு நின்றது. அவர் கழுத்து மாலை நசுங்கியது. யாருடைய முழங்கையோ விலாவில் குத்தியது.

"மூச்சு விடறதுக்காவது எடம் குடுங்கப்பா!"

"அசையாதீங்க தொரை," என்றாள் தபித்தாள், அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "இப்பவும் வெளியே போயிருவீங்க."

முத்துராஜ் சிரித்துவிட்டார். அந்த ஃபேக்டரியில் அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. டக்ளஸ் அந்தச் சிரிப்பைத் தவறவிடவில்லை.

அந்தப் படம் இப்போது தேவர்சோலை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் முற்றம் காலியாகக் கிடக்க, நடுவில் மட்டும் ஒரு கும்பல். இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் இப்படி நெருக்கியடித்து நிற்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அங்கே எங்கே இருந்துச்சு எடம்!" என்பார் முத்துராஜ்.