கிழங்கு வடித்த தலைக்கவசம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஜெர்மனியில், ஷ்மால்கால்டன் ஊரின் ஞாயிற்றுச் சந்தையில் பொறுக்கினேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து இரும்புத் தலைக்கவசம் ஒன்று, உச்சி முழுக்கத் துளை. போர் முடிந்த பஞ்சத்தில் இப்படிப் பல கவசங்கள் துளை போடப்பட்டு, கிழங்கு வடிக்கும் பாத்திரமாக அடுப்படிக்குப் போயின என்றார் கடைக்காரர். நான் கவசத்தை வாங்கவில்லை, கதையை மட்டும் கொண்டுவந்துவிட்டேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

2

"மழை சோவென்று கொட்டிய ஒரு மாலையில், டெட்லெஃப் தன் பட்டறையில்..."

(வேண்டாம். இங்கே மழை பெய்யாத மாலைதான் செய்தி.)

மறுபடியும்: பழைய ராணுவக் கவசங்களைச் சீர்செய்யும் டெட்லெஃப் ஹூனெக்கேயிடம், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஃபோல்க்மார் ரேபைன் தன் அப்பாவின் கவசத்தைக் கொண்டுவந்தார். துளைகளை அடைத்து, பழைய சாம்பல் நிறம் பூசித் தரவேண்டும் என்றார்.

அழகில்லை, ஆனால் விஷயம் இருக்கிறது.

3

ஃபோல்க்மார்மேல் எனக்குச் சந்தேகம். போர்ப் பைத்தியம் பிடித்த ஆள் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம், நீங்களும் அவரை நிம்மதியாக வெறுக்கலாம். அப்படியே ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். டெட்லெஃபுக்கும் அதே சந்தேகம். எதற்கு அடைக்கவேண்டும் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"அப்பா எழுவத்தொம்பது வயசுல போனாரு. சண்டையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இதை முழுசா ஒரு தடவை பாத்தா, அங்க அவரு என்னவா இருந்தாருன்னு கொஞ்சமாவது புரியாதா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

4

துளை போட்டது யார்? ஃபோல்க்மாரின் அம்மா தொழிற்சாலையில் கொடுத்துத் துளை போடவைத்தாள், அப்பா பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்பதுதான் ரேபைன் வீட்டுக் கதை. எனக்கும் அது பிடித்திருந்தது. கோபக்கார அம்மா, கையில் கவசம், தொழிற்சாலை வாசல், எழுதச் சுகமான காட்சி.

டெட்லெஃப் அதைக் கெடுத்தார். வெல்டிங் கருவியைப் பற்றவைக்கும் முன் துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். (மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எண்ணியவர் அவர்தான், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.)

"ஃபாக்டரில அவசரமா துளை போட்டுத் தள்ளினவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். இங்க ஒவ்வொண்ணையும் உள்ளயும் வெளியயும் அரத்தால ராவியிருக்கு. கழுவுறவங்க கையைக் கீறக்கூடாதுன்னு பண்ணின வேலை. உங்கப்பா என்ன தொழில் பண்ணினாரு?"

ஃபோல்க்மார் கவசத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தகர வேலை," என்றார். "வாளி செய்வாரு. கூரைக்குத் தகரம் அடிப்பாரு."

"அப்போ நான் அடைச்சா அவரு கைவேலையை அழிக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

5

முதலில் எழுதிய முடிவில் ஃபோல்க்மார் கவசத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கிழங்கு வடித்தார். படித்துவிட்டு எனக்கே அழுகை வந்தது. என்னை அழவைக்கும் முடிவை நான் நம்புவதில்லை, அடித்துவிட்டேன். இரண்டாவதில், அடைத்துவிடுங்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அடுப்படி அப்பாவை அவருக்கு நன்றாகவே தெரியும், அவர் தேடி வந்தது சண்டைக்குப் போன அப்பாவை.

இப்போது டெட்லெஃப் கருவியோடு காத்திருக்கிறார். ஃபோல்க்மார் துளை ஓரங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நிற்கிறார். அவர் பதிலை நான் எழுதப்போவதில்லை. என் அப்பா ஓயாமல் பேசுகிறவர், எனக்கு இது தெரியாது. வாய் திறக்காமலே போய்விட்ட அப்பா உங்களுக்கு இருந்தால், நீங்கள் சொல்லுங்கள், அடைக்கட்டுமா?