குரோட்டன்ஸுக்கு வெயில் வேண்டும்

நாற்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். எந்த முடிவிலும் அவளைக் கலந்துகொள்ளாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஆகவே, "ரூமுக்குச் செடி வாங்கணும், நீதான் பாத்துச் சொல்லணும்" என்று அண்ணி கூப்பிட்டபோது, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, அண்ணனுக்கும் முன்னால் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவின் அறை அது. அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் குட்டிதான் பார்த்துக்கொண்டாள். தூங்கியது மட்டும் கூடத்தில், மடக்குக் கட்டிலில். அவர் போன பிறகு அண்ணன் கண்கலங்கி, "இனிமே இது உன் ரூம், குட்டி" என்றிருந்தான். மருந்து வாடை போகும்வரை அறையைத் தேய்த்துக் கழுவினாள். கனத்த திரையைக் கழற்றித் துவைத்து அலமாரியில் மடித்து வைத்தாள். கேட்காமல் போய்ப் படுப்பது அழகல்ல என்பதால் இன்னும் கூடத்திலேயே படுத்திருந்தாள். செடி வாங்கப் போவதையே அழைப்பாக எடுத்துக்கொண்டாள்.

"ரூமுக்கு வெயில் எப்படிம்மா?" என்றார் செடிக்கடைக்காரர்.

"காலையில பக்கத்து வீட்டுச் சுவர் மறைச்சுடும். மத்தியானத்துக்கு மேல சன்னலோரம் பூரா விழும். கட்டில் கால்மாடு வரைக்கும் வரும்."

அப்பாவின் கால்கள் சில்லிட்ட நாட்களில், அந்த வெயில் நகர நகரக் கட்டிலை இழுத்துப்போட்டவள் அவள்.

"அப்ப குரோட்டன்ஸ் எடுத்துக்குங்க. வெயில் பட்டா சிவப்பும் மஞ்சளுமா கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஆனா ரோஷக்காரச் செடி. இடம் மாத்தினா கோவிச்சுக்கிட்டு இலையைக் கொட்டிடும்."

"எங்க வீட்ல ரோஷத்தோட ஒண்ணாவது இருக்கட்டுமே" என்று குட்டி தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அண்ணன் சிரித்தான்.

"அது வேணாம்டி" என்றாள் அண்ணி. "திரை எப்பவும் மூடியேதான் இருக்கும்."

"யாரு அண்ணி மூடப் போறா? நான்தான் கழட்டிட்டேனே."

"திரும்ப மாட்டணும். என் தம்பிக்கு நைட் ஷிப்ட். பகல்ல தூங்குற புள்ளைக்கு வெளிச்சம் ஆகாது."

"உங்க தம்பி எதுக்கு நம்ம வீட்ல தூங்கணும்?"

"அடுத்த வாரம் நம்ம ஊர்லதானே வேலைல சேர்றான்! உங்கண்ணன் சொல்லலையா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஒரு காலி மண்தொட்டியை விரலால் தட்டித் தட்டி, அது நன்றாகச் சுட்டதுதானா என்று காதருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

"கொஞ்ச நாளைக்குத்தான், குட்டி" என்று தொட்டியிடமே சொன்னான். "உனக்கு ஹால் பழகிடுச்சு. அவன் பாவம், புதுசு."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அண்ணிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அந்த ரூமைப் பத்தி உன்னை விட்டா வேற யாருக்குடி தெரியும்?" என்றாள். அதில் குத்தலும் இல்லை, நடிப்பும் இல்லை, மனதாரப் பாராட்டினாள். குட்டியின் முகம் சுண்டிப்போனது அதனால்தான்.

நிலவரம் புரிந்த கடைக்காரர் பேச்சை மாற்றினார். "இருட்டுன்னா பாம்புச்செடிதாங்க. வெயில், தண்ணி, கொஞ்சல் எதுவும் பெருசாக் கேக்காது. மூலையில வெச்சு மறந்துடலாம்."

குட்டி குரோட்டன்ஸை வரிசையில் அது இருந்த இடத்திலேயே, முன்பு பார்த்திருந்த திசையிலேயே திருப்பி வைத்தாள்.

"ரெண்டு குடுங்க" என்றாள்.

"ஒரு ரூமுக்கு ரெண்டு எதுக்குடி?"

"ஒண்ணு ஹாலுக்கு அண்ணி. அங்க சன்னலே இல்லையே."

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். "கட்டில்ல இடிக்காம வெச்சுக்கோ" என்றாள்.

வீடு சேர்ந்ததும் திரையைக் குட்டிதான் மாட்டினாள். எந்த வளையம் உடைந்தது, எதை இழுத்தால் வெளிச்சம் முழுதும் அடைபடும் என்பதெல்லாம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.